ஒலி தேடிய இராமன்

சர் சி. வி. இராமன் என்ற பெயரைக் கேட்டவுடன் நம்மில் பெரும்பாலோர்க்கு ஒளியும், கடலின் நீலமும், பிப்ரவரி 28-ஆம் நாளன்று பள்ளிகளில் கொண்டாடப்படும் தேசிய அறிவியல் நாளும் நினைவிற்கு வரும். அவருடைய ஆராய்ச்சி வாழ்வின் முற்பகுதி பெரிதும் ஒலிக்கே செலவாயிற்று என்பதை அறிந்தோர் சிலரே. வயலினும் வீணையும் தம்பூராவும் மிருதங்கமும் அவருடைய மேசைமேல் கிடந்த காலம் ஒன்று உண்டு. அந்த இராமனைப் பற்றியே இங்கு எழுத விழைகின்றேன்.

இப்போது எதற்கு என்று கேட்பீர்கள். நம் மன்றத்து நண்பர்களில் ஐந்தாறு பேர் மடிக்கணினியில் மின்னணு இசை அமைக்கப் பழகி வருகின்றோம். பகலெல்லாம் பௌதிகமும் கணிதமும். இரவு பதினொரு மணிக்கு மேல் விடுதி அறையில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டால் வேறு உலகம். நாங்கள் கூடினால் பேச்சு ஒன்றுதான். இவ்வாண்டு எத்தனை பாட்டு வெளியிடுவது? எத்தனை ஆயிரம் பேர் கேட்க வேண்டும்? இந்திராநகரிலும் கோரமங்களாவிலும் உள்ள எந்த மேடையில் எப்போது ஏறுவது? நண்பர் ஒருவர் பத்தாயிரம் என்று பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டியே வைத்திருக்கின்றார். அந்த எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஓர் ஐயம் எழும். கேட்பவன் காது நம் கையில் இல்லையே; நம் கையில் இல்லாத ஒன்றைக் குறிக்கோள் என்று எப்படிச் சொல்வது? எனக்கோ இன்னொரு நெருக்கடியும் உண்டு. தஞ்சைப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து கடன் வாங்கிப் படிக்க அனுப்பிய தந்தையார், எம்.எஸ்ஸி. முடிந்தபின் என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டிருக்கின்றார். அவருக்கு விடை எழுத வேண்டும். இந்நிலையில்தான் இராமன் வரலாற்றை எடுத்துப் படித்தேன்.

இராமன் 1888-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் நாள் திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவில் பிறந்தார். தந்தை சந்திரசேகர ஐயர் ஆசிரியர், கணிதமும் பௌதிகமும் கற்பித்தவர், வயலின் வாசிப்பவர். பின்னர் விசாகப்பட்டினத்துக் கல்லூரியில் அவருக்கு வேலை கிடைக்கவே, குடும்பம் அங்குப் பெயர்ந்தது. ஆக, இராமனும் நம்மைப்போல் இளமையிலேயே ஊர்விட்டு ஊர் வந்தவரே. வீட்டில் வயலின் ஒலியும் கணித நூல்களும் ஒருங்கே இருந்தன என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்வோம்.

சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று 1904-ல் பி.ஏ. தேர்வில் முதல்வராகத் தேறினார். வயது அப்போது 16-ஐ ஒட்டியது. அந்நாளில் அவர் கைக்கு வந்த ஒரு நூலைக் குறிப்பிட்டாக வேண்டும். ஜெர்மன் நாட்டு அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் இசையொலியின் உணர்வைப் பற்றி எழுதி 1863-ல் வெளியிட்ட பெருநூல் அது. தம் வாழ்வை உருவாக்கிய நூல்கள் மூன்று என்று இராமன் பிற்காலத்தில் கூறினார். அவற்றுள் இது ஒன்று. ஒரு சுரம் என்பது தனியொரு அதிர்வன்று, அடிச்சுரத்தோடு இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என மேற்சுரங்கள் பல கலந்து வருவதே குழலுக்கும் யாழுக்கும் உள்ள வேற்றுமை என்று ஹெல்ம்ஹோல்ட்ஸ் விளக்கினார். அதோடு நின்றாரில்லை. மின்காந்தத்தால் இயங்கும் இசைக்கவைகளை வரிசையாக வைத்து, அவற்றின் ஒலிகளைக் கலந்து, மனிதன் வாயிலிருந்து வரும் உயிரெழுத்து ஒலிகளைப் போலவே உண்டாக்கிக் காட்டினார். நண்பர்களே, நாம் இன்று சிந்தசைசர் என்று சொல்லும் கருவிக்கு இதுவே பாட்டன். மின்னணு இசை நேற்று அயல்நாட்டு நடன விடுதியில் முளைத்தது என்று எண்ணுவோர் இதைக் கருதிப் பார்க்க வேண்டும்.

1906-ல், இன்னும் மாணவராக இருக்கும்போதே, இராமனுடைய முதற்கட்டுரை இலண்டனிலிருந்து வரும் விஞ்ஞான ஏடு ஒன்றில் வெளிவந்தது. 1907-ல் எம்.ஏ. பட்டம். மேலே என்ன? இங்கிலாந்து சென்று படிக்க உடல்நிலை இடங்கொடாது என்று மருத்துவர் தடுத்துவிட்டார். இந்நாட்டிலோ ஆராய்ச்சியைத் தொழிலாகக் கொள்ள அன்று வழியில்லை. அரசாங்க நிதித்துறைத் தேர்வு எழுதினார், அதிலும் முதலிடம். அதே ஆண்டில் வீணை வாசிக்கத் தெரிந்த உலோகசுந்தரியை மணந்தார். 18 வயது இளைஞர் கல்கத்தா சென்று துணைக் கணக்காயர் நாற்காலியில் அமர்ந்தார். நல்ல சம்பளம், நல்ல பங்களா. நம் வீட்டுப் பெரியவர்கள் இதைக் கேட்டால் கதை இன்பமாக முடிந்துவிட்டது என்றே சொல்வார்கள்.

கல்கத்தாவில் டிராம் வண்டியில் செல்லும்போது பௌபஜார் தெருவில் ஒரு பெயர்ப்பலகை அவர் கண்ணில் பட்டது. மகேந்திரலால் சர்க்கார் 1876-ல் நிறுவிய இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகம் அது. நிறுவியவர் மறைந்தபின் ஆராய்ச்சி செய்வோர் இன்றி அக்கட்டடம் வெறிச்சோடிக் கிடந்தது. இராமன் உள்ளே சென்றார். அசுதோஷ் தே என்னும் ஊழியர் கதவைத் திறந்துவிட்டார். அந்தத் தே பல்கலைக்கழகம் கண்டவரல்லர். ஆயினும் பிற்காலத்தில் இராமனுக்கு வலக்கையாக விளங்கினார்.

அன்று தொடங்கிப் பத்தாண்டுக் காலம் நடந்ததை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். விடியற்காலையில் கழகம், அங்கிருந்து வீடு திரும்பிக் குளித்து உண்டு அலுவலகம், மாலையில் நேரே மீண்டும் கழகம், வீடு சேர இரவு ஒன்பது பத்து மணி ஆகும். ஞாயிற்றுக்கிழமையும் கழகமே. இடையில் இரங்கூனுக்கும் நாகபுரிக்கும் மாற்றினார்கள். சென்றார், திரும்பி வந்தார், விட்ட இடத்தில் தொடர்ந்தார். இசைக்காக வேலையை உதற வேண்டும், படிப்பை உதற வேண்டும், உதறினால்தான் உண்மைக் கலைஞன் என்ற பேச்சு நம் கூட்டத்திலும் அடிக்கடி வரும். உதறியவர் சிலர் வென்றதும் உண்டு. ஆனால் பத்தாண்டு உதறாமல் இருந்தவர் செய்த வேலையின் அளவைப் பார்த்தால் அப்பேச்சுக்கு வலுவில்லை என்றே எனக்குத் தோன்றுகின்றது.

அவர் எடுத்துக்கொண்ட பொருளைக் கவனியுங்கள். பெருஞ்செலவுக் கருவிகள் அக்கழகத்தில் இல்லை. ஆகவே கம்பி, இசைக்கவை, வயலின், தம்பூரா இவையே ஆராய்ச்சிப் பொருள்களாயின. கேள்விகளும் அவற்றிற்கு ஏற்ற அளவினவாய் இருந்தன. செல்லோ போன்ற பெரிய வயலின் வகைக் கருவிகளில் ஏதோ ஒரு சுரத்தில் மட்டும் ஒலி கட்டுக்கடங்காமல் உறுமும். மேனாட்டார் அதனை ஓநாய்ச் சுரம் என்பர். கருவியின் மரவுடலுக்கு உரிய இயல்பான அதிர்வும் கம்பியின் அதிர்வும் ஒன்றோடொன்று மோதுவதால் விளைவது அது என்று 1916-ஐ ஒட்டி ஆராய்ந்து எழுதினார். வில்லின்கீழ்க் கம்பி எவ்வாறு ஒட்டியும் வழுக்கியும் அதிர்கின்றது என்பதைப் பற்றி 1918-ல் வெளியிட்டது ஒரு தனி நூலாகவே அமையும்.

1920-ல் செய்த சோதனைதான் என்னைப் பெரிதும் கவர்ந்தது. வில்லை எவ்வளவு அழுத்தினால், எவ்வளவு விரைவாக இழுத்தால், குதிரையிலிருந்து எவ்வளவு தொலைவில் வைத்தால் சுரம் தெளிவாக வரும்? மனிதக் கையை நம்பி இதனை அளக்க முடியாது. கை ஒவ்வொரு முறையும் வேறு வகையாக இழுக்கும். ஆகவே வயலினை வாசிப்பதற்கே ஓர் இயந்திரம் அமைத்தார். அதில் வில் அசையாது நிற்கும். வயலின்தான் தொட்டிலில் கிடப்பதுபோல் கிடந்து முன்னும் பின்னும் நகரும். பாகவதர் ஒருவர் அதனைக் கண்டிருந்தால் சிரித்திருப்பார். நமக்கோ சிரிப்பு வராது. இயந்திரம் வாசித்தால் அது இசையா என்று நம்மைக் கேட்போர் இன்றும் உளர். இராமன் அந்த வாதத்தில் இறங்கவேயில்லை. இயந்திரம் வாசித்தால் எதை அளக்கலாம் என்று பார்த்தார்.

1917-ல் அசுதோஷ் முகர்ஜி அழைப்பின்பேரில் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் பௌதிகப் பேராசிரியரானார். சம்பளம் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. வேலையை விட்டார் என்றால் இப்போதுதான் விட்டார். அதுவும் பத்தாண்டு வேலை கையில் இருந்தபின்.

தம்பூராவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்கின்றேன். இதைப் படித்த இரவு நான் உறங்கவில்லை. கம்பியை நட்டநடுவில் மீட்டினால், நடுவில் கணு விழ வேண்டிய மேற்சுரங்கள் பிறக்கமாட்டா. இரண்டாம், நான்காம் மேற்சுரங்கள் ஒலிக்கக் கூடாது. இது பழைய விதி. தம்பூராவிலும் வீணையிலும் மட்டும் அவை ஒலிக்கின்றன. காரணம் குதிரையில் இருக்கின்றது என்று இராமன் 1921-ல் எழுதினார். வயலின் குதிரைபோல் அது கூரியதன்று; அகன்று மெல்ல வளைந்த பரப்பு. அதிரும் கம்பி ஒவ்வோர் அதிர்விலும் அப்பரப்பைத் தொட்டும் விட்டும் செல்வதால், மீட்டிய கணத்தில் இல்லாத மேற்சுரங்கள் பின்னர்ப் பிறக்கின்றன. தம்பூராவில் குதிரைமேல் கம்பிக்கடியில் நூல் ஒன்றைச் செருகி நகர்த்துவார்கள் அல்லவா? அந்தத் தொடுகையைச் சரிசெய்யவே அது. நூல் சரியான இடத்திற்கு வந்ததும் கம்பிக்கு உயிர் வந்ததுபோல் ஒலி விரியும். கணினியில் நாம் செய்யும் ஒலி தட்டையாக இருக்கின்றது என்று குறைபட்டுக்கொள்கின்றோமே, அதன் மருந்து இங்கே இருக்கின்றது. பிறந்தபின் வளர்வது தம்பூரா ஒலி. நம் ஒலி பிறந்தது முதல் மெலிந்துகொண்டே போகின்றது.

மிருதங்கம் இதனினும் வியப்பு. வட்டமாக இழுத்துக் கட்டிய வெறுந்தோலைத் தட்டினால் அடிச்சுரம் 1 என்றால், அடுத்தவை 1.59, 2.14, 2.30 என்று ஒழுங்கற்று வரும். ஆகவேதான் பெரும்பாலான பறைகளில் ஓசை இருக்கும், சுரம் தெளிவாக இராது. மிருதங்கத்தின் வலந்தலையிலோ கல்லுப்பொடியும் சோறும் குழைத்து நடுவில் கறுப்பாக அப்புகின்றார்கள். அந்தக் கனம் தோலின் அதிர்வுகளை இழுத்து ஒழுங்குபடுத்தி 1, 2, 3, 4, 5 என்ற முழு மடங்குகளில் கொண்டுவந்து நிறுத்திவிடுகின்றது. எஸ். குமார் என்பவரோடு சேர்ந்து 1920-ல் இதனைச் சுருக்கமாக வெளியிட்டார். பெங்களூருக்கு வந்தபின் 1934-ல் விரிவாக எழுதினார். தோலின்மேல் மணலைத் தூவி, அதிரும்போது மணல் ஒதுங்கி நிற்கும் கோடுகளைக் கொண்டு, ஒன்பது வகை அதிர்வுகள் ஐந்து சுரங்களுக்குள் அடங்குவதைக் காட்டினார்.

இதைக் கண்டுபிடித்த முன்னோரின் நுண்ணறிவை இராமன் புகழ்ந்தார், நாமும் புகழ்கின்றோம். அந்தத் தோலை உரித்துப் பதப்படுத்தி, வார்பிடித்து, பூச்சை அடுக்கடுக்காகத் தேய்த்தவர் யார் என்று கேட்டால் நாம் வாயடைத்துப் போகின்றோம். டி. எம். கிருஷ்ணா 2020-ல் வெளியிட்ட நூல், மிருதங்கம் செய்யும் தஞ்சைச் செபஸ்டியான் குடும்பத்தாரையும் அவர்போன்ற ஒடுக்கப்பட்ட மக்களையும் பற்றிப் பேசுகின்றது. மேடையில் அவர்கள் பெயர் வருவதில்லை. இராமன் விளக்கிய கணக்கைக் காதாலேயே போட்டவர்கள் அவர்கள்; விஞ்ஞான மாணவனாகிய நான் அதை இங்கே எழுதிவைக்கக் கடமைப்பட்டிருக்கின்றேன்.

1921-ல் இராமன் முதன்முறையாக இங்கிலாந்து சென்றார். அங்கும் அவர் செவி ஓயவில்லை. இலண்டன் தூய பவுல் பேராலயத்தின் வட்டமாடத்தில் முணுமுணுத்த சொல் சுவரோரமாகவே ஓடி மறுபுறம் கேட்கும் விந்தையை ஆராய்ந்தார். திரும்பும் கப்பலில் நடுநிலக்கடலின் நீலத்தைப் பார்த்தார். ஒளியின் கதை அங்குத் தொடங்கியது. அது யாவரும் அறிந்தது. 1924-ல் இராயல் கழக உறுப்பினர். 1928 பிப்ரவரி 28-ல் கே. எஸ். கிருஷ்ணனுடன் உழைத்துக் கண்ட இராமன் விளைவு. 1930-ல் நோபெல் பரிசு. பரிசு அறிவிக்கப்படும் முன்பே ஸ்வீடன் செல்லக் கப்பல் சீட்டு எடுத்து வைத்துவிட்டார் என்பார்கள். ஆகவே புகழை விரும்பாத முனிவராக அவரைக் காட்ட நான் முற்படவில்லை. பரிசின்மீது கண் இருந்தது. ஆயினும் மேசையில் அன்றாடம் இருந்தது ஒரு கேள்வி. ஒலியை விட்டு ஒளிக்குத் தாவியதும்கூட ஒரு கேள்வி அழைத்துச் சென்ற வழிதான். விட்டார் என்றும் முழுக்கச் சொல்ல முடியாது: 1927-ல் ஜெர்மானியர் வெளியிட்ட பௌதிகப் பெருந்தொகுதியில் இசைக்கருவிகளைப் பற்றிய பகுதியை எழுதியவர் இந்த இராமனே.

1933-ல் பெங்களூர் வந்தார். டாட்டா நிலையம் என்று ஊரார் வழங்கும் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் முதல் இந்திய இயக்குநர் ஆனார். மறு ஆண்டே இந்திய விஞ்ஞான அகாடமியைத் தோற்றுவித்தார். இங்கு வந்தபின் ஒலியும் ஒளியும் அவரிடம் ஒன்றுகூடின: செவிக்கு எட்டாத ஒலியலைகள் திரவத்தினூடே செல்லும்போது ஒளியை எவ்வாறு சிதறவைக்கின்றன என்பதை நாகேந்திர நாத்துடன் சேர்ந்து 1935-36-ல் விளக்கினார்.

குற்றமும் சொல்ல வேண்டும். அவர் இயக்குநரான அதே 1933-ல் பம்பாயிலிருந்து வந்த கமலா என்னும் மாணவிக்குப் பெண் என்ற ஒரே காரணத்தால் இடம் மறுத்தார். அவர் விடாது வாதாடவே, ஓராண்டு பார்த்தபின்புதான் முறையான மாணவியாக ஏற்பதென்று நிபந்தனை விதித்துச் சேர்த்தார். கமலா சோஹோனி என்று பின்னர் அறியப்பட்ட அவர் 1939-ல் கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் பெற்றார். பிறகு பெண்களுக்குக் கதவு திறந்தது என்பது உண்மையே. ஆனால் கதவைத் திறந்தது கமலாவின் உறுதி. தம் குறிக்கோளுக்காக எந்த மூடிய கதவையும் தட்டிய ஒருவர் பிறர் குறிக்கோளுக்குக் குறுக்கே நின்றது எனக்கு உறுத்துகின்றது.

நிர்வாகத்திலும் பூசல். 1937-ல் இயக்குநர் பதவியை விட்டார். பேராசிரியராக 1948 வரை தொடர்ந்தார். ஓய்வுபெற்ற வயதில் மைசூர் மகாராஜா முன்னர் அளித்திருந்த நிலத்தில் தம் பெயரால் ஆராய்ச்சி நிலையம் அமைத்தார். தொடக்கத்தில் அங்கு மின்சாரம் இல்லை. 60 வயதான நோபெல் அறிஞர் கண்ணாடியால் வெயிலைத் திருப்பி இருட்டறைக்குள் விட்டுச் சோதனை செய்தார். மின்வெட்டு வந்தால் இசையமைக்க முடியவில்லை என்று அலுத்துக்கொள்ளும் நம் நண்பருக்கு இதைச் சொன்னேன். அவர் வெயிலில் சிந்தசைசர் ஓடாது என்றார். அதுவும் சரிதான்.

1954-ல் பாரத ரத்னா. 1970 நவம்பர் 21-ல் மறைந்தார். அந்நிலைய வளாகத்திலேயே அவரை எரியூட்டினார்கள். அவ்விடத்தில் கல்லறை இல்லை, ஒரு மரம் நிற்கின்றது.

அவர் மறைவதற்கு முந்தைய ஆண்டு, 1969-ல், அகமதாபாத்துத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் டேவிட் டியூடர் என்னும் அமெரிக்க இசைஞர் மூக் சிந்தசைசர் கொண்டு இந்நாட்டின் முன்னோடி மின்னணு இசைக்கூடத்தை அமைத்திருந்தார். பின்னர் இதே பெங்களூரில் ஜி. ராஜ் நாராயண் என்னும் பொறியாளர் மின்னணுச் சுருதிப்பெட்டியை உருவாக்கினார். கச்சேரி மேடைதோறும் அது தம்பூராவின் இடத்தில் அமர்ந்துவிட்டது. இராமன் அளந்ததற்கும் இவர்கள் செய்ததற்கும் நடுவே நாங்கள் நிற்கின்றோம்.

தந்தையாருக்கு விடை எழுதிவிட்டேன். தேர்வு முடிந்ததும் வேலைக்குச் செல்வேன். காலை ஐந்து முதல் எட்டு வரை என்னுடையது. அந்த மூன்று மணி நேரத்திற்கு நான் வைத்துக்கொண்டவை இரண்டே கேள்விகள். வளைந்த குதிரையைத் தொட்டு விலகும் கம்பியைக் கணினியில் எழுதி, மீட்டியபின் வளரும் ஒலியை வரவழைக்க முடியுமா என்பது ஒன்று. அதற்கு ஓராண்டு ஆகலாம். மற்றது சிறியது, பாதி முடிந்துவிட்டது. 1, 2, 3, 4, 5 என்ற மடங்குகளில் ஐந்து சைன் அலைகளை வைத்து, ஒவ்வொன்றும் எவ்வளவு நேரத்தில் தேய வேண்டும் என்று மாற்றி மாற்றிப் பார்த்ததில், நான்காம் வாரம் வலந்தலை ஒலி போன்ற ஒன்று வந்தது. அடுத்த அறை நண்பர் மிருதங்கம் பயின்றவர். கேட்டுவிட்டு, தோல் இன்னும் ஈரமாக இருக்கிறது என்றார். மன்றத்தின் பொங்கல் விழாவில் மூன்று நிமிடம் கேட்டிருக்கின்றேன். திரைக்குப் பின்னால் அவர் மிருதங்கத்தோடும் நான் கணினியோடும் அமர்வோம். எது யாருடையது என்று சபையோர் சொல்லட்டும்.